சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை

மருத்துவமனை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடிக்க வேண்டும். ஓர் உதறு உதறி, விறைப்பாக இழுத்து, பாதியாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். கைகள் தொடும் இடத்தில் ஒருத்தி தன் முனைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பைத் தூக்கிக் கொடுப்பாள். அடுத்த விரிப்புக்குத் திரும்பவும் விலகிப் போக வேண்டும்.

அந்த லாண்டரியின் மடிப்புக் கூடத்தில் பேச்சும் அப்படித்தான் நடந்தது. உலர்த்தும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில், விலகி நிற்கும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நெருங்கி வரும்போது ஒரு கேள்வி கேட்கலாம். பதிலுக்கு அடுத்த விரிப்பு நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அங்கே மடிப்பவர்களில் ஒருத்திக்கு ஜோடி நெட்டையக்கா. விரிப்பின் முனை தரையில் படாமல் பிடிக்க அந்த உயரம் வசதி. பேச்சில் நெட்டையக்காவை யாரும் மிஞ்ச முடியாது. ஜோடியாகச் சேர்ந்த முதல் வாரமே இவளுக்குப் பேர் வைத்துவிட்டாள். "ஊசி கீழ விழுந்தாக்கூட சத்தம் கேக்கும்டி, நீ வந்து நின்னா கேக்கல" என்றாள். அன்றிலிருந்து கூடம் முழுவதற்கும் இவள் ஊசிதான்.

"பாப்பா நிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போனாள் நெட்டையக்கா.

உதறல். இழுப்பு. நடை.

"சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா" என்றாள் ஊசி.

"பத்தாவது மாசம்ல? நிப்பா, நிப்பா. இனிமேதான் உன் இடுப்பு ஒடியப்போகுது."

அந்த நேரத்தில்தான் மேற்பார்வைக்காரம்மா கதவில் தலையை நீட்டி, "ஊசி! சம்பள ஆபீஸ்ல கூப்புடுறாங்க. உடனே வரணுமாம்" என்றாள்.

ஊசியின் கையிலிருந்த இரண்டு முனைகளும் நழுவின. நெட்டையக்கா விரிப்பை முழுதாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "போயிட்டு வாடி. தூக்கிலயா போடப்போறாங்க? முகத்தப் பாரு" என்று சிரித்தாள்.

தெரிந்துவிட்டது என்றுதான் ஊசி நினைத்தாள்.

ஏனென்றால் அந்தப் பாப்பா உயிரோடு இல்லை. நாள் கணக்குக்கு வெகு முன்னாலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்து, வீட்டுக்கு வந்து சில நாள் இருந்து, பிறகு ஒரு காலையில் பால் குடிக்க மறுத்தது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தமாகச் சேர்த்தாலும் மூன்று வாரம் வராது.

லாண்டரியின் விதி அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்றே மேற்பார்வைக்காரம்மா எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஆறு மாதம் விடுப்பு, முழுச் சம்பளம். பிள்ளை தவறிவிட்டால் அன்றிலிருந்து ஆறு வாரம். பிறகு வேலைக்கு வந்துவிட வேண்டும். தவறியதை உடனே ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அன்று அந்த வரியை வாசித்தபோது மேற்பார்வைக்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டது ஊசிக்கு நினைவிருந்தது.

அவள் சொல்லவில்லை. முதலில், யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளவே கூச்சப்படுகிறவள். மாதம் முடிந்தது. செல்போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது. சம்பளம் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கோ ஓர் அறையில், யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில், தன் மகளுக்கு ஒரு மாதம் நிறைந்திருக்கிறது என்று தோன்றியது. அங்கே அவள் பால் குடிக்கிறாள். அங்கே அவளை யாரும் புதைக்கவில்லை.

அடுத்த மாதமும் அந்தச் சத்தம் வந்தது. அதற்கடுத்த மாதமும். பணத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று யாராவது சொன்னால் அவளால் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அவள் காத்திருந்தது பணத்துக்கு இல்லை, அந்தச் சத்தத்துக்கு.

பணத்தை எடுத்தவன் அவள் கணவன். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவன், அதிகம் பேசாதவன். குழந்தையின் தொட்டில் கிடந்த அந்த அறையில் அவனால் படுக்க முடியவில்லை. "வேற வீடு பாத்துடலாம்மா" என்றான் ஒரு நாள். கம்பெனி தருகிறது என்று இவள் சொன்ன சம்பளத்தை வைத்துப் புது வீட்டுக்கு முன்பணம் கட்டினான். தொட்டிலை யாருக்கு எப்போது கொடுத்தான் என்று அவள் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். முதல் விரிப்பிலேயே நெட்டையக்கா முகமெல்லாம் சிரிப்பாக நெருங்கி வந்து, "பாப்பா நல்லா பால் குடிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டாள். பதில் சொல்ல ஒரு விரிப்பு நேரம் இருந்தது. அந்த நேரத்துக்குள் எத்தனையோ சொற்களை எடுத்துப் பார்த்தாள். கைகள் தொட்டபோது வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"குடிக்கிறா."

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை விரிப்புக்கு விரிப்பு வளர்ந்தது. குப்புற விழுந்தது. தவழ்ந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்தது. நெட்டையக்கா தன் மகனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊசி வாங்கிக்கொண்டாள்.

இத்தனையும் அவளோடு படியேறிச் சம்பள ஆபீசுக்கு வந்தது.

சம்பளக் கணக்குப் பார்க்கிறவன் இளைஞன். எல்லாப் பெண்களையும் அக்கா என்பான். "உக்காருங்கக்கா" என்றான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. பிரசவ லீவுல உங்களுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாப் போயிடுச்சு. வருஷக் கணக்கு முடிக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு."

அவள் தரையைப் பார்த்தபடி, "ஆமா" என்றாள்.

"உங்களுக்கே தெரியுமா?" என்று வியந்தான் அவன். "எனக்கே நேத்துதான் புரிஞ்சுது. வயித்துப் புள்ளக்காரங்களுக்கு உங்க மேற்பார்வைக்காரம்மா லேசான வேலைன்னு போடுவாங்கல்ல, அதுல வந்த வினை."

அது அந்த லாண்டரியின் வழக்கம். ஏழாவது மாதம் வந்துவிட்டால் ஈர விரிப்பைத் தூக்கக் கூடாது. தலையணை உறைக்குப் பொத்தான் தைக்கும் அறையில் போடுவார்கள். அங்கே அத்தனை பேருக்குப் பொத்தான் இருக்காது. அதனால் மேற்பார்வைக்காரம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வந்ததாகக் குறித்துவிடுவாள். பிரசவத்துக்கு நாளாகும் என்று நினைத்து ஊசிக்கும் அப்படியே குறித்துக்கொண்டே போயிருக்கிறாள். இவளுக்கோ முன்கூட்டியே பிறந்துவிட்டது. குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடந்த நாட்களிலும் அதற்குப் பின்னும் தாய் பொத்தான் தைத்ததாக ஒரு சம்பளமும், பிள்ளை பெற்றதாக ஒரு சம்பளமும் ஏறியிருக்கின்றன.

"ஒரு மாசத்துக்குக் கிட்ட வருதுக்கா. அந்தம்மா மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. திருப்பிக் கட்டினாப் போதும்" என்றான்.

இவ்வளவுதானா? அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காக வெட்கமும் வந்தது.

"பாப்பா எப்டி இருக்கா?" என்றான் அவன், கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே.

"சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா."

"அப்ப நல்லதாப் போச்சு. ஒரு வயசுக்குள்ள கைப்புள்ள வெச்சிருக்கிற அம்மாவுக்குப் பிடித்தத்துல பாதியத் தள்ளுபடி பண்ணலாம்னு இருக்கு. நான் எழுதி வெக்கிறேன். நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." அவளைப் பார்த்துச் சிரித்தான். "பாப்பாதான் உங்களக் காப்பாத்தியிருக்கா."

அவள் கூடத்துக்குத் திரும்பினாள். "என்னடி?" என்றாள் நெட்டையக்கா. "கூடுதலாக் குடுத்துட்டாங்களாம்" என்றாள். "குடுக்குறதே அபூர்வம், இதுல கூடுதலா!" என்று நெட்டையக்கா பக்கத்து ஜோடிக்கும் கேட்கக் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஊசியும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவள், கதவை மெதுவாகத் தள்ளினாள். முழுதாகத் திறக்காமல், ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளி, உள்ளே கையை விட்டுக் கதவின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் இடித்துவிடும்.

செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

அப்படியே நின்று அந்த வீட்டைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை ஒரு நாளும் வாழாத வீடு அது. மேசை நுனியில் ஒரு பாத்திரம்கூட இல்லை. எல்லாம் சுவரோரமாகத் தள்ளப்பட்டிருந்தன. கத்தி மேல்தட்டில் இருந்தது. கணவனின் தலைவலி மாத்திரை அலமாரியின் உச்சியில். சுவரில் கீழே இருந்த பிளக் துளையின் முன்னால் ஒரு முக்காலி. இவற்றை எப்போது செய்தாள்? ஒன்றுகூட நினைவில் இல்லை.

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது. கணவன் ஈரத் தலையோடு வந்தான். அவன் கையில் ஒரு மூடி இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டிருக்கேன்" என்றான். "வாளிய மூடி, அது மேல கல்லு வேற தூக்கி வெக்கிறியே, யாருக்காக வெக்கிற?"

அவன் மூடியைக் கீழே வைத்தான், சத்தம் வராமல்.

"தெனமும் குளிக்கப் போறப்ப அந்தக் கல்ல எடுத்து வெக்கிறேன்மா. நான் வெளிய வந்ததும் நீ போயித் திரும்ப வெக்கிற. கேட்டா அழுவியோன்னு கேக்கல."

அன்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த விதியை, சொல்லாமல் விட்டதை, முதல் விரிப்பை, பல் முளைத்ததை, அன்றைய கூடுதல் கணக்கை, தள்ளுபடியை. அவன் நின்றபடியே கேட்டான். பிறகு சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"அப்ப இந்த வீடு..." என்றான். முடிக்கவில்லை.

"ஆமாங்க."

"எவ்ளோ வரும் மொத்தம்?"

"நாலு மாசச் சம்பளத்துக்குக் கிட்ட. அதோட இந்த ஒரு மாசம்."

அவன் துண்டால் தலையைத் துவட்டினான். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தான். "அந்த ஒரு மாசத்த மட்டும் கட்டிடு. மீதிய யாரும் கேக்கல. யாருக்கும் தெரியாது. வேலை போச்சுன்னா வாடகைக்கு என்ன பண்றது?"

அவன் சொன்னது நியாயம்தான். அவள் தலையாட்டினாள். சோறு வடிக்கப் போனாள். அடுப்பின் முன்னால் நின்றபோது, எதற்கோ, மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வந்தது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகம். இரண்டு பல்லோடு, நெட்டையக்கா கொடுத்த கோடு போட்ட சட்டையோடு. அதைத் தள்ளிவிட்டு மறுபடி நினைத்தாள். அதே முகம். கண்ணை மூடி, கண்ணாடிப் பெட்டியை நினைத்தாள். பெட்டி வந்தது, அதற்குள் இருந்த வெள்ளைத் துணி வந்தது. துணிக்கு மேலே எழுந்து நின்று சிரித்தது அந்தப் பல் முளைத்த பிள்ளை.

தான் பெற்றவளை இது தின்றுவிட்டது என்று நினைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து கணவனிடம் கேட்டாள்.

"அவ மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். "இருக்கு" என்றான். "ஏன், உனக்கு...?"

"எனக்கு வரமாட்டேங்குதுங்க. நாளைக்குப் போயி அந்தத் தள்ளுபடியில கையெழுத்துப் போட்டா, அப்புறம் எப்பவும் வராது."

மறுநாள் காலையில் அவள் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டு அவனும் வந்தான். லாண்டரி வாசலில் நின்றுகொண்டான். "உள்ள வரட்டுமா?" என்றான். "வேணாம்" என்றாள். "இங்கயே நில்லுங்க."

சம்பள ஆபீஸ் இளைஞன் தாளை எடுத்து வைத்து, பேனா மூடியையும் கழற்றித் தந்தான். அவள் பேனாவை வாங்கவில்லை.

"தம்பி, பாப்பா இல்ல."

"எங்க, ஊருக்குப் போயிருக்காளா?"

"இல்ல தம்பி. பொறந்து மூணு வாரத்துல தவறிட்டா. நான் சொல்லல. நான் கூடுதலா வாங்கினதுல நீங்க சொல்றது பாதிகூட இல்ல."

அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. பேனாவை மூடினான். திறந்தான். "நேத்து... நிக்கிறான்னு..." என்றான். அவள் தலைகுனிந்து நின்றாள். அவன் வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். கொண்டுவந்ததை மறந்து அவனே குடித்துவிட்டான்.

பிறகு மானேஜரிடம் கூட்டிப்போனார்கள். ஏமாற்று என்றார் அவர். போலீஸ் என்ற சொல்லும் ஒரு முறை வந்தது. மேற்பார்வைக்காரம்மாவை வரவழைத்தார்கள். அவள் ஊசியைப் பார்க்காமலே, "நல்ல வேலைக்காரி சார். இவ மடிச்ச பெட்ஷீட்ட எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பினதில்ல" என்றாள். அதையே இரண்டாம் முறையும் சொன்னாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மானேஜர், வேலை இருக்கட்டும், பணம் முழுதும் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றார். தள்ளுபடி கிடையாது. வருடம் ஒன்று தாண்டும்.

"சரிங்க சார்" என்றாள் ஊசி.

வாசலில் கணவனிடம் சொன்னபோது அவன், "பாத்துக்கலாம்" என்றான். தெருமுனை திரும்பும்வரை இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தான்.

இனி மிச்சம் ஒருத்தி இருந்தாள். செய்தி தேநீர் நேரத்துக்குள் கூடத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஊசி போய்த் தன் இடத்தில் நின்றாள். விரிப்பின் முனைகளை எடுத்தாள்.

"என்னடி, ரொம்ப நேரம்?" என்று கேட்டுவிட்டு நெட்டையக்கா பின்னால் போனாள்.

உதறல். இழுப்பு. கைகள் தொட்டன.

"அக்கா, பாப்பா செத்துட்டா."

"ஐயோ!" விரிப்பு தரையில் விழுந்தது. நெட்டையக்கா அவள் இரண்டு தோளையும் பிடித்தாள். "எப்போடி? நேத்து நல்லாத்தானே நின்னா? அறிவு கெட்டவளே, இன்னிக்கு எதுக்குடி வேலைக்கு வந்த?"

"நேத்து இல்லக்கா. பொறந்தப்பவே. நான் லீவுல இருந்தப்பவே."

தோளைப் பிடித்திருந்த கைகள் முதலில் தளர்ந்தன. பிறகு விலகின. நெட்டையக்கா ஓரடி பின்னால் போனாள். விரிப்பு இல்லாமல் அவள் அப்படிப் பின்னால் போய் ஊசி பார்த்ததில்லை.

"அப்ப நீ சொன்னதெல்லாம்?"

ஊசி குனிந்து தரையில் கிடந்த விரிப்பை எடுத்தாள்.

"என் புள்ள சட்டையெல்லாம் குடுத்தேனே" என்றாள் நெட்டையக்கா. "அவன் உடம்புல கெடந்த சட்ட. அதெல்லாம் என்னடி பண்ண? யாருக்குப் போட்ட?"

"வெச்சிருக்கேன்க்கா. மடிச்சு வெச்சிருக்கேன்."

"நாளைக்கே கொண்டுவா. ஒண்ணு குறையக் கூடாது." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "பல்லு மொளச்சுதுன்னியேடி. நான் வீட்டுல போயி அவருகிட்டச் சொன்னேன்டி, நம்ம ஊசி பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருச்சுன்னு."

மறுநாள் ஊசி சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். நெட்டையக்கா எண்ணிக்கூடப் பார்க்காமல் பையை வாங்கி ஒரு மூலையில் வைத்தாள். வேறொருத்தியோடு ஜோடி மாற்றிக்கொண்டாள். ஊசிக்கு வந்த ஜோடி புதியவள். முனையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, பேசவும் பயம். விரிப்புகள் மௌனமாக மடிந்தன. கூடத்தில் மற்றவர்கள் ஊசி வரும்போது பேச்சை நிறுத்தினார்கள், போன பிறகு தொடர்ந்தார்கள். சம்பளத்தன்று செல்போன் சத்தம் போட்டது. பிடித்ததுபோக வந்தது வாடகைக்கும் அரிசிக்கும் போதாமல் இருந்தது. கணவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினான்.

வீட்டில் வாளியை அவள் மூடவில்லை. முதல் சில நாள் திறந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் கை மூடியைத் தேடிப் போயிற்று. கதவை வேகமாகத் தள்ளினாள். தள்ளிவிட்டு வாசலிலேயே நின்று காது கொடுத்தாள். பிள்ளை அழவில்லை. ஆனாலும் அது சட்டென்று போய்விடவில்லை. துணி எடுக்கத் திரும்பினால் சுவரோரமாக நின்றது. சட்டை இல்லாமல் நின்றது. நாளாக ஆக அதன் முகம் அவளுக்கு மங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய முகமும் வரவில்லை. இரண்டுமே போய்விடுமோ என்று பயந்தாள். கணவனிடம் கேட்கலாம்தான். அவன் நினைவில் இருப்பது அவனுடையது; அதைக் கடன் வாங்கினால் மறுபடி கேட்ட கதைதான் மிஞ்சும்.

பிடித்தம் தொடங்கி மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, புதியவள் காய்ச்சல் என்று வரவில்லை. மேற்பார்வைக்காரம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெட்டை, இன்னிக்கு நீ ஊசியோட நில்லு" என்றாள்.

நெட்டையக்கா வந்து நின்றாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். கைகள் மட்டும் பழைய கைகளாகவே வேலை செய்தன. உதறி, இழுத்து, நடந்து, கொடுத்து, குனிந்து. அப்படியே ஒரு வண்டி விரிப்பு தீர்ந்தது. இரண்டாவது வண்டியில் பாதி போயிருக்கும். கைகள் தொட்டபோது நெட்டையக்கா முனைகளை வாங்கிக்கொள்ளாமல் நின்றாள்.

"நெசமாப் பொறந்தாளே, அவ," என்றாள், ஊசியின் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அவ எப்டி இருந்தா?"

கேட்டுவிட்டுப் பின்னால் போனாள்.

ஊசி விரிப்பை இழுத்துப் பிடித்தாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கவிடாமல் அவள்தான் வேறொருத்தியை நடுவில் நிறுத்தியிருந்தாள். கண்ணை மூடவில்லை; நினைத்துப் பார்க்கவும் முயலவில்லை. நடக்கத் தொடங்கினாள். பாதி தூரத்தில், கையில்தான் முதலில் வந்தது. முகமாக வரவில்லை. உள்ளங்கையில் ஒரு முதுகின் சூடாக வந்தது.

"தோள் ரெண்டுலயும் மெல்லிசா முடி இருந்துச்சுக்கா" என்றாள். "ஆம்பளைங்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி. முதுகுலயும். தடவினா ஒரு பக்கமாச் சாயும்."

நெட்டையக்கா இப்போது அவளை நேராகப் பார்த்தாள். "ரவுடிப் பொண்ணா இருந்திருப்பாடி" என்றாள்.

"கொட்டாவி விட்டா வாய் ஒரு ஓரமாப் போகும்" என்றாள் ஊசி. அடுத்த விரிப்புக்குக் காத்திருக்காமல், நின்ற இடத்திலேயே சொன்னாள். "அழுதா சத்தமே வராதுக்கா. மூஞ்சி மட்டும் செவக்கும். நான் கிட்டப் போயிக் காத வெச்சாத்தான் கேக்கும்."

"உன் மகதான்" என்றாள் நெட்டையக்கா.

பின்னால் விரிப்பு வண்டி காத்திருந்தது. மேற்பார்வைக்காரம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு ஜோடியின் அருகே போனாள். இருவர் கைக்கும் நடுவில் பாதி மடிந்த விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி சொல்லிக்கொண்டே இருந்தாள்.